அஞ்சலி போர்டுக்குச் செய்த முகம்

செத்தவர்களுக்கு முகம் கழுவிப் பவுடர் போட்டுவிடுவதுதான் என் வேலை. பதற வேண்டாம், நான் பிணத்தைத் தொடுகிறவள் இல்லை. கேரள எல்லையோரம் பாறசாலை ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு மூச்சு நின்றால் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறார்களோ இல்லையோ, கடை மொபைலுக்குப் படம் வந்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பு வீடு வந்து சேர்வதற்குள் போர்டு நிற்க வேண்டும். ஆள் உயரத்துக்கு முகம். மேலே மலையாளத்தில் 'ஆதராஞ்சலிகள்'. கீழே பெயர், வயது, அடக்கம் எத்தனை மணிக்கு. வீட்டுக்குத் திரும்புகிற வளைவில் ஒன்று, ஜங்ஷனில் ஒன்று, கட்சிக்காரராக இருந்தால் கொடிமரத்தடியில் இன்னொன்று.

வருகிற படம் பெரும்பாலும் ஏதாவது கல்யாண வீட்டில் எடுத்ததாக இருக்கும். தோளில் யாருடைய கையாவது கிடக்கும். அந்தக் கையை அழிக்க வேண்டும். பின்னால் பிரியாணி தின்றுகொண்டிருக்கிறவர்களை அழிக்க வேண்டும். பக்கத்தில் பெண்டாட்டி நின்றால் அவளையும் அழித்துவிட்டு நீல வானத்தைப் பின்னால் வைக்க வேண்டும். பனியனோடு நின்றவருக்கு வெள்ளைச் சட்டை நான் போட்டுவிடுவேன். உயிரோடு இருக்கும்போது இஸ்திரி போட்ட சட்டையையே கண்டிராத மனுஷர்கூட போர்டில் மந்திரி மாதிரி நிற்பார்.

பயமாக இல்லையா என்று கேட்பார்கள். பயமா, எரிச்சல்தான் வரும். வேலைக்கு நடந்து வருகிற வழியெல்லாம் நான் செய்த முகங்கள். போர்டைக் கழற்றிய பிறகு ஃப்ளெக்ஸை யாரும் வீணாக்க மாட்டார்கள். விறகுக்கு மேல் போடுவார்கள், ஆட்டுக்கூட்டுக்கு மறைப்பாகக் கட்டுவார்கள். மழை நேரத்தில் வேலியோரம் திரும்பினால் கோழிக்கூட்டின் மேல் ஒருவர் தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருப்பார். "என்ன, நல்லா இருக்கியளா?" என்று நானும் கேட்டுவிட்டுப் போவேன். கேட்காமல் போனால்தான் ஒரு மாதிரி இருக்கும்.

இந்த எரிச்சலுக்கு மருந்தாகத்தான் ஒரு கேமரா வாங்கினேன். ஆட்களை வெட்டி வெட்டி எடுத்து அலுத்துப்போயிற்று. ஆளைச் சுற்றி இருக்கிற எல்லாவற்றோடும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும் என்று ஒரு வெறி. லீவு கிடைக்கிற நாளில் காலை ரயிலில் திருவனந்தபுரம் போய்விடுவேன். தம்பானூர் பஸ் ஸ்டாண்டு, கிழக்கேகோட்டை, காந்தி பார்க், பாளையம் மார்க்கெட், மியூசியம் வளாகம், செக்ரட்டேரியட் முன்னால் எப்போது போனாலும் யாராவது உண்ணாவிரதம் படுத்திருக்கிற சமரப் பந்தல். எங்கேயாவது ஒரு சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து கேமராவை மடியில் வைத்துக்கொள்வேன். ஐம்பதைத் தாண்டிய பெண் சேலை கட்டிக்கொண்டு பொது இடத்தில் உட்கார்ந்தால் அவளை எவனும் பார்ப்பதில்லை. சின்ன வயதில் உற்றுப் பார்த்தே உயிரை வாங்கினவர்களெல்லாம் எங்கே போய்த் தொலைந்தார்களோ! நல்லதாகப் போயிற்று, நான் பாட்டுக்கு எடுப்பேன். செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர், ஒரே பேப்பரை விரித்து அதன்மேல் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற குடும்பம், பஸ் வருகிறதா என்று எட்டி எட்டிப் பார்க்கிற கூட்டம். ஒருவரும் என் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

வீட்டில் என் புருஷனுக்கு இது பெரிய வேடிக்கை. "எடி, ஊரும் பேரும் தெரியாத ஆளுவள எடுத்து அடுக்கி வச்சிருக்க. எனக்க ஒரு படத்த எடுத்து வையேன். நாளைக்கு போர்டுக்கு ஆவும்" என்பார். "உங்களுக்கு என்னத்துக்கு போர்டு? நீங்க செத்தா ஊருல எல்லாருக்கும் சத்தம் கொறஞ்சே தெரியும்" என்பேன்.

கடப்புறத்து மீன்பிடி ஊரிலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தது ஒரு மழைக்காலம் முடிகிற சமயம். முப்பது வயது இருக்கும். கூடவே அவளுடைய மாமியார். முந்தின வருஷ மழையில் கடலுக்குப் போன வள்ளம் கவிழ்ந்து, மற்றவர்கள் நீந்திக் கரையேறிவிட்டார்கள். அவளுடைய மாப்பிள்ளை மட்டும் ஏறவில்லை. உடம்பும் கரைக்கு வரவில்லை. வருஷம் ஒன்று ஆகியும் அவள் அஞ்சலி போர்டு வைக்கச் சம்மதிக்கவில்லை.

"ஒடம்பு வராம எப்படி எக்கா சாவு?" என்றாள் என்னிடம்.

அவள் கேட்டதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. எங்கள் வீட்டார் பழைய மிஷன் சபைக்காரர்கள், அவர்கள் பூசைக்குப் போகிற கத்தோலிக்கர்கள். சபை வேறானாலும் இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு பழக்கம் பொதுவானது. பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பம் முழுக்கச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொள்வோம். தலைமாட்டில் பெண்டாட்டி, பக்கங்களில் பிள்ளைகள், பின்னால் கூடப்பிறந்தவர்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்தப் படம் கைக்கு வந்த பிறகுதான் எங்களுக்குச் சாவு சாவாகிறது. இவளுக்குப் பெட்டியும் இல்லை, படமும் இல்லை.

"இப்பம் பங்கு அச்சன் சொல்லிட்டாவ, ஆண்டுப் பூசை வைக்கணும்னு. பூசை வச்சா போர்டும் வைக்கணும்னு சொந்தக்காரங்க நிக்குதாவ. ஆனா படம் இல்ல எக்கா."

ஒரு படம்கூடவா இல்லை என்று கேட்டேன். கடல் வீட்டுக்குள் ஏறிய வருஷம் கல்யாண ஆல்பம் உப்புத்தண்ணீரில் ஊறிவிட்டதாம். காயவைத்துப் பிரித்தபோது ஒவ்வொரு பக்கத்து முகமும் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உரிந்து வந்ததாம். மொபைல், பர்ஸ், அட்டைகள் எல்லாம் அவனோடு போயின. அவளிடம் இருந்தது பட்டன் போன். கடைசியில் சொந்தக்காரர் ஒருவர் மொபைலில் மாதா கோயில் திருநாள் கூட்டத்தின் படம் ஒன்று கிடைத்திருக்கிறது. நாலாவது வரிசையில், இரண்டு தலைகளுக்கு நடுவில், நகக்கண் அளவுக்கு ஒரு முகம். கறுப்பாக இரண்டு குழி, கீழே ஒரு கோடு. அதுதான் அவன்.

எனக்குக் கை ஓடவில்லை. கடை முதலாளி என்னைவிட ரொம்ப இளையவன், எதற்கும் அசராதவன். "சேச்சி, புதிய ஆப் ஒண்ணு உண்டு. அதில போட்டா பேய்க்குக்கூட கண்ணும் மூக்கும் வரும்" என்றான். அந்த நகக்கண் முகத்தை வெட்டி அதில் போட்டேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மூன்று பெண்களும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதலில் கண்கள் வந்தன. ஈரமாக, இமை மயிரோடு. அப்புறம் மூக்கு, மேலுதட்டுக்கு மேல் லேசான வேர்வை, தாடையில் இரண்டு நாள் தாடி. தண்ணீருக்கு அடியிலிருந்து ஒரு ஆள் மெதுவாக மேலே வருகிற மாதிரிதான் இருந்தது. அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே!" என்றாள். "இவருதான் எக்கா. அவரேதான்." திரையைத் தொட்டு விரலை முத்தமிட்டாள்.

மாமியார் எழுந்து வந்து குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இது எனக்க மோன் இல்ல."

"மாமி, சும்மா இரியும்."

"நான் பெத்தவளாக்கும். எனக்குத் தெரியாதா பிள்ளே? இது வேற ஆரோ."

மருமகள் என் காதோரம், "மாமிக்கு அன்னைக்கு முதலே தல நேரே இல்ல எக்கா. ராத்திரி பகல் தெரியாது" என்றாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வெள்ளைச் சட்டை போட்டேன், நீல வானம் வைத்தேன். ஜங்ஷனுக்கு ஒன்று, கடப்புறத்துக்கு ஒன்று, வீட்டில் மாட்ட கண்ணாடி போட்டு ஒன்று. கிழவி வெளியே படியில் போய் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

ஆண்டுப் பூசை நடந்தது. போர்டு ஜங்ஷனில் நின்றது. நான் செய்த முகங்களில் இவ்வளவு உயிரோடு வேறு எதுவும் இருந்ததில்லை. மற்ற முகங்கள் வெயிலில் வெளுக்கும், மழையில் சுருங்கும். இது நாளாக நாளாக ஈரம் கூடிக்கொண்டே வந்த மாதிரி எனக்குத் தோன்றியது. வழக்கமாகக் கேட்கிற கேள்வியை இந்த ஆளிடம் கேட்க வாய் வரவில்லை. ரோட்டின் மறுபக்கம் மாறி நடந்தேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து, சோறு தின்றுவிட்டு, திருவனந்தபுரத்தில் எடுத்த படங்களை ஒழுங்குபடுத்த உட்கார்ந்தேன். காந்தி பார்க்கில் எடுத்த ஒரு படம். முன்னால் கடலை வறுக்கிறவர், புகை, இரண்டு காக்கா. பின்னால் பெஞ்சில் வெளிர்நீலச் சட்டை போட்ட ஒரு ஆள் நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரிதாக்கினேன். அதே கண். அதே மூக்கு. நான் மணிக்கணக்காக உட்கார்ந்து வெள்ளைச் சட்டை போட்டுவிட்ட முகம்.

எப்போது எடுத்த படம் என்று பார்த்தேன். வள்ளம் கவிழ்ந்த பிறகு, அந்தப் பெண் என் கடைக்கு வருவதற்கு முன்பு. அப்படியென்றால் நான் அந்த முகத்தைச் செய்வதற்கு முன்பே அது அங்கே உட்கார்ந்திருந்திருக்கிறது. மற்ற படங்களைத் திறந்தேன். மியூசியத்தில் பேண்டு வாசிக்கிற மண்டபத்துக்குப் பக்கத்தில் மரத்தடியில் நிற்கிறான். தம்பானூரில் தூணுக்குப் பின்னால் பாதி முகம். பாளையத்தில் மீன் வாங்குகிற கூட்டத்துக்கு மேலே அவன் தலை. எல்லாப் படத்திலும் மற்றவர்கள் எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் மட்டும் என்னைப் பார்க்கிறான். பொது இடத்தில் என்னை யாரும் பார்ப்பதில்லை என்று இத்தனை நாள் பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

புருஷனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "செத்தவனுக்க மொகத்தையே பாத்துட்டு இருந்தா சோத்துப் பானையிலயும் அவன் மொகம்தான் தெரியும். போயிப் படு" என்றார். ஆனால் மொபைலில் இருந்த போர்டு முகத்தையும் அந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் அவருக்கும் வேடிக்கை நின்றுவிட்டது. எழுந்து போய்ப் பின்வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பட்டப்பகல்.

அவன் எங்கோ கரையேறிப் பிழைத்து, பெண்டாட்டியை விட்டுவிட்டு, பட்டணத்தில் பெஞ்ச் பெஞ்சாக உட்கார்ந்திருக்கிறானா? இல்லை, பிழைக்காமலே உட்கார்ந்திருக்கிறானா? இரண்டில் எது மோசம் என்று எனக்குத் தெரியவில்லை. ஆண்டுப் பூசையும் முடித்து, இப்போதுதான் தலை சீவி வெளியே வருகிற பெண்ணிடம் இதை எந்த வாயால் சொல்வது? முழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளே வந்தாள். காலை வேளை, கடையில் கூட்டம் இல்லை. மழையில் நனைந்த தலையைக்கூடத் துடைக்காமல் என் கையைப் பிடித்தாள்.

"எக்கா, அவரு உயிரோட உண்டு."

மாமியாரை மெடிக்கல் காலேஜில் காட்டிவிட்டு வருகிற வழியில், கிழக்கேகோட்டையில் பஸ் நின்றிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரே காந்தி பார்க்கில் அவன். மாமியார் தோளில் சாய்ந்து தூக்கம். இவள் எழுந்து இறங்குவதற்குள் பஸ்ஸை எடுத்துவிட்டானாம். "நான் போட்ட சத்தத்துக்கு பஸ்ஸுல எல்லாரும் எனக்குப் பைத்தியம்னு நெனச்சிருப்பாவ. எனக்குப் பைத்தியமா எக்கா? சொல்லுங்க."

நான் மொபைலை எடுத்து அந்தக் கடலைக்காரர் படத்தைக் காட்டினேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. முகம் வெளிச்சமாகிவிட்டது. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"விட்டுட்டுப் போயிருந்தாலும் சாரமில்ல எக்கா. வேற ஒருத்தி கூட இருந்தாலும் சாரமில்ல. மூச்சு இருந்தா போதும். பாத்துட்டு நான் திரும்பி வந்துடுவேன். நீங்களும் கூட வரணும்."

போனோம். பாறசாலையில் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நல்ல சேலை, தலையில் பூ. ஆண்டுப் பூசை முடிந்த வீட்டுப் பெண் பூ வைத்துக்கொண்டு வருகிறாளே என்று எதிரில் இருந்தவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. மடியில் வாழையிலைப் பொதி. சூரை மீன் பொரித்துச் சோறு கட்டியிருந்தாள். "அவருக்குச் சூரைன்னா உயிரு" என்றாள். நெய்யாற்றின்கரை தாண்டி, பாலராமபுரம் தாண்டி, அவள் வேறு எதுவும் பேசவில்லை. கர்த்தாவே, அந்தப் பெஞ்சு காலியாக இருக்கட்டும் என்று வழியெல்லாம் ஜெபம் பண்ணிக்கொண்டு வந்தேன்.

காலியாக இல்லை. மத்தியான வெயிலில் பார்க் பாதி தூங்கிக்கொண்டிருந்தது. வெளிர்நீலச் சட்டை அதே இடத்தில். நாங்கள் உள்ளே நுழைந்ததும் அந்த ஆள் தலையைத் தூக்கினார். அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். சட்டென்று எழுந்து பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். என்னைக் கண்டு ஒரு மனிதன் அப்படி நடுங்கி நான் பார்த்ததில்லை.

"வேண்டா சேச்சி. இனி போட்டோ எடுக்கண்டா."

மலையாளத்தில்தான் பேசினார். எங்களுக்கு இரண்டும் வீட்டுப் பேச்சுதான். நெய்யாற்றின்கரைப் பக்கத்துக்காரர். செக்யூரிட்டி வேலை. ஒரு மாதம் மியூசியம் பக்கம் போடுவார்கள், ஒரு மாதம் தம்பானூரில், ஒரு மாதம் ஏதாவது துணிக்கடை வாசலில், இப்போது மறுபடி இந்தப் பார்க்கில். அவரை எங்கே மாற்றினாலும் கொஞ்ச நாளில் நான் கேமராவோடு அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறேனாம். முதலில் கம்பெனிதான் வேவு பார்க்க ஆள் வைத்திருக்கிறது என்று நினைத்தாராம். அப்புறம் ஒரு நாள் களியக்காவிளைக்கு பஸ்ஸில் போகும்போது பாறசாலை ஜங்ஷனில் தன் முகத்தையே பார்த்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, நீல வானம், மேலே ஆதராஞ்சலிகள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாராம். ரோட்டோரம் நின்று வீட்டுக்குப் போன் செய்து, தன் குரல் மனைவிக்குக் கேட்கிறதா என்று இரண்டு தடவை கேட்டாராம்.

"நீங்க என்னைப் பிடிச்சுப் பிடிச்சு, கடைசியில கொன்னு போர்டில வச்சீங்க. நான் உங்களுக்கு என்ன செஞ்சேன்?" என்றார்.

நான் இல்லை, அது உங்கள் படம் இல்லை என்று வாயைத் திறந்தேன். எந்த நீதிமன்றத்தில் அது எடுபடும்? அவர் முகம் போர்டுக்கு முன்பே என் கேமராவில் இருந்தது. போர்டு என் கடையில் அடித்தது. என் காதுக்கே என் பேச்சு பொய்யாகத்தான் கேட்டது.

அவள் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. பெஞ்சைச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்று, முகத்தை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் அவருடைய வலது கையை எடுத்து உள்ளங்கையைத் திருப்பினாள். அவர் விட்டுக்கொடுத்தார், அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் விட்டுக்கொடுத்திருப்பார்கள். கட்டைவிரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"வலைக்கயிறு வலிச்சு இழுத்த கை இல்ல" என்றாள். "அவருக்குக் குறுக்கே அறுத்த தழும்பு உண்டு." அந்தக் கையை மெதுவாக மூடி அவரிடமே விட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "மொகம் அவருக்க மொகம்தான் எக்கா. கை வேற ஆருக்கதோ" என்றாள்.

"மொகமும் எனக்கதுதான் மோளே. பிறந்தப்பவே இதுதான்" என்றார் அந்த மனிதர். பயம் போய் அவர் குரலில் வேறு ஏதோ வந்திருந்தது.

அவளைப் பெஞ்சில் உட்காரவைத்தேன். சொன்னேன். திருநாள் படத்தில் இருந்தது வெறும் இரண்டு குழியும் ஒரு கோடும்தான். மிச்சமெல்லாம் அந்த மெஷின் இட்டு நிரப்பியது. கண் அதனுடையது, மூக்கு அதனுடையது, வேர்வைகூட அதனுடையது. எத்தனையோ லட்சம் முகங்களைத் தின்றுவிட்டு அது ஒரு முகத்தைக் கக்கியது, அந்த முகத்தோடு ஒரு மனுஷன் உலகத்தில் இருந்துவிட்டார். இப்படித்தான் எனக்குத் தெரிந்தவரை. "உனக்க மாப்பிள்ளைக்க மொகம் இல்ல மக்கா அது."

அவள் மடியிலிருந்த பொதியின் கட்டை இறுக்கினாள்.

"அப்பம் அவருக்க மொகம் எது?"

தோளைத் தொட்ட என் கையைத் தட்டிவிட்டாள்.

"சொல்லுங்க எக்கா. வீட்டில மாட்டி நித்தமும் இந்த மொகத்துக்கு முன்னாலதானே மெழுகுதிரி கத்திச்சேன். கண்ண மூடுனா இதுதான் வருது. அதுக்கு முன்ன எப்படி இருந்தாரு? எனக்கு ஓர்மை இல்லியே. எனக்க மாப்பிள்ளைக்க மொகம் எனக்கு ஓர்மை இல்லியே எக்கா!"

அப்போதுதான் அழுதாள். பார்க்கில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து பார்க்கிற மாதிரி அழுதாள். அந்த மனிதர் போகவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். தன் முகம் தெரிந்தால் அவளுக்கு இன்னும் வலிக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. கிளம்பும்போது அவள் வாழையிலைப் பொதியை அவரிடம் நீட்டினாள். "தின்னுங்க. மீனு கெட்டுப் போவும்." இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நாங்கள் கேட்டைத் தாண்டும் வரை அவர் அதைப் பிரிக்கவில்லை.

அன்றைக்கே ஜங்ஷன் போர்டையும் கடப்புறத்துப் போர்டையும் கழற்றச் சொல்லிவிட்டேன். மறுநாள் கடையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, அதே நகக்கண் முகத்தை மறுபடி அந்த ஆப்பில் போட்டேன். வட்டம் சுற்றியது. கண்கள் வந்தன. வேறு கண்கள். மூக்கு கொஞ்சம் பரந்தது, நெற்றி மேலேறியது. ஈரமான இமைகளோடு எனக்குத் தெரியாத இன்னொருவன் என்னைப் பார்த்தான். மறுபடி போட்டேன். இன்னொருவன். இவர்களெல்லாம் எந்த ஊர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்களோ, இவர்களுக்கு வீட்டில் யார் இருக்கிறார்களோ என்று நினைத்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்துவிட்டேன். முதலாளி எட்டிப் பார்த்து, "எல்லாம் நல்லாத்தானே இருக்கு சேச்சி, இதில என்ன குறை?" என்றான். "குறை ஒண்ணும் இல்ல. அதாக்கும் குறை" என்று அவன்மேல் எரிந்து விழுந்தேன்.

கொச்சியில் மீன்பிடி போட்டில் வேலைக்குப் போயிருந்த, அவளுடைய மாப்பிள்ளையின் கூட்டாளி ஒருவன் ஊருக்கு வந்தபோதுதான் உண்மையான படம் கிடைத்தது. அவனுடைய பழைய மொபைலில் இருந்திருக்கிறது. மருமகளும் மாமியாரும் அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். கரையில் வலைக் குவியலின் மேல் உட்கார்ந்து ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். வெயிலுக்குப் பாதி மூடின கண், ஒன்றின்மேல் ஒன்று ஏறின முன்பல், புடைத்த காது. பார்த்ததும் நமக்கும் சிரிப்பு வருகிற முகம். பார்க்கில் இருந்தவருக்கும் இவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

கிழவி மொபைலை இரண்டு கையாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "இதாக்கும் எனக்க மோன். இந்தப் பல்லு, பாரு இந்தப் பல்லு. நான் சொன்னா ஆரு கேட்டிய?" அழுதாள், சிரித்தாள், எல்லோரையும் திட்டினாள். அவளுக்குத் தலை நேராகத்தான் இருந்திருக்கிறது.

நான் எதையும் தொடவில்லை. சட்டை மாற்றவில்லை, வானம் வைக்கவில்லை, தோளில் கிடந்த யாருடைய கையையோ அழிக்கவில்லை. அப்படியே பெரிதாக அடித்துக் கண்ணாடி போட்டு மருமகளிடம் கொடுத்தேன். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"மக்கா, இவருதானே?"

"இவருதான் எக்கா. சிரிப்பு, பல்லு எல்லாம் அவருதான். எனக்குத் தெரியும்." கண்ணாடியின் மேல் விழுந்திருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "ஆனா கெனாவில வாறது இவரு இல்ல. மத்தவராக்கும்."

"போகப் போக மாறும் மக்கா."

"நேத்தும் வந்தாரு. வள்ளத்திலேருந்து எறங்கி, அந்த மொகத்தோட, எனக்க பேரச் சொல்லி விளிச்சாரு. அவரு இல்லன்னு எனக்குத் தெரியுது. தெரிஞ்சே போனேன்."

மாமியார் வாசலில் நின்று கூட்டாளியிடம் அந்தப் பல்லைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். மருமகள் படத்தைப் பேப்பரில் சுற்றிக் கட்டினாள், எழுந்தாள். கோபமாகச் சொல்லவில்லை. போகிற பஸ்ஸைப் பற்றிச் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"ஒடம்பைக் கடலு எடுத்துட்டுது. மொகம் எனக்க கிட்ட இருந்துச்சு எக்கா. அத நீங்க எடுத்துட்டிய."